சித்தப்பா இடத்தில் இடி விழ ஓர் அர்ச்சனை

சாமியிடம் எதையாவது கேட்பதென்றால் விலாசத்தோடு கேட்க வேண்டும். 'நல்ல வேலை கிடைக்கணும்' என்று பொதுவாகக் கேட்டால் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்துவிடும். இது யாரோ சொல்லி நான் கேட்டதில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. பட்டது நான் மட்டுமில்லை, என் சித்தப்பா கடை வாசலில் தானாகத் திறந்து மூடும் ஆட்டோ கேட்டும்தான்.

அப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் பேனர் டிசைனராக இருந்தேன். கிள்ளானிலிருந்து தினமும் கொம்யூட்டர் ரயிலில் போய் வருவேன். திறப்பு விழாவுக்கு வரும் பெரிய மனிதர்களின் முகத்தில் சுருக்கம் எடுப்பதும், தலையில் முடி வைப்பதும்தான் வேலை. டத்தோ பட்டம் வாங்கிய ஒருவருக்கு நான் வைத்த முடியைப் பார்த்து அவர் மனைவியே 'யார் இது' என்று கேட்டதாகச் சொன்னார்கள். ஆனால் உள்ளுக்குள் நான் ஒரு மாபெரும் சிற்பி. உலகம் என்னை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. (கண்டுபிடிக்கிற மாதிரி நான் எதையும் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.)

ஒருநாள் ரயிலில் நின்றுகொண்டே போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மின்னல் மணலில் இறங்கினால் மணல் உருகிக் கண்ணாடியாகிவிடுமாம். வேர் மாதிரி கிளைவிட்டு, உள்ளே பளபளவென்று, மனிதக் கை படாத சிற்பம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நம் ஊரில் எது இல்லாவிட்டாலும் இடிக்குப் பஞ்சமில்லை. மத்தியானம் மேகம் கறுத்தால் கிள்ளான் முழுக்க, "பிளக்கைப் புடுங்கு, பிளக்கைப் புடுங்கு!" என்ற கூச்சல்தான். என் அம்மா கண்ணாடிக்குத் துணி போர்த்திவிட்டு, "அர்ஜுனா, அர்ஜுனா" என்று ஆரம்பித்துவிடுவார். இவ்வளவு மூலப்பொருள் வானத்தில் வீணாகப் போகிறதே என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பங்சாரில் ஒரு சிறிய கலைக்கூடம் புதியவர்களுக்குக் கண்காட்சி நடத்தப்போகிறது என்று தெரிந்ததும், 'மின்னல் செய்யும் சிற்பம்' என்று எழுதி அனுப்பினேன். சிற்பம் இன்னும் செய்யப்படவில்லை என்பதை எழுத இடம் போதவில்லை. அந்தக் கூடத்து அம்மையார் அடுத்த வாரமே கூப்பிட்டு, நடு ஹாலில் இடம் தருகிறேன் என்றார். தலைகால் புரியவில்லை எனக்கு.

இனி வேண்டியது ஒரு வெட்டவெளி. எங்கள் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிக்கொண்டிருக்கும், அங்கே கம்பம் நட்டால் அக்கம்பக்கத்தார் என்னை நட்டுவிடுவார்கள். யோசித்துப் பார்த்தால் ஒரே இடம்தான் இருந்தது. காப்பார் போகிற வழியில் சித்தப்பாவின் பழைய இரும்புக் கடை. பெரிய வளாகம், பின்பக்கம் பொட்டல் நிலம். சிக்கல் என்னவென்றால், என் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் என் அக்கா கல்யாணம். மேடையில் குடும்பப் படம் எடுக்கும்போது சித்தப்பாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "கூப்பிடாம நான் எப்படி மேடை ஏறுறது?" என்பது சித்தப்பா கட்சி. "அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாத்தான் வருவானா?" என்பது அப்பா கட்சி. சித்தப்பா அன்றைக்குக் கை நனைக்காமலே போய்விட்டார். அதன்பிறகு வருஷக்கணக்காக இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உறவில் யாராவது இறந்தால் சவத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். இவ்வளவுக்கும் சின்ன வயதில் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள்.

நான் பயந்துகொண்டேதான் போனேன். சித்தப்பா என்னைப் பார்த்ததும் பழைய மோட்டார் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். மணல், கம்பம், கண்ணாடி, பங்சார் எல்லாம் சொன்னேன். அவர் நிறைய நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் காலேஜ்ல படிச்சுக் குடுக்கறாங்களா?" என்றார். பிறகு, "வை லா. கம்பி என்கிட்டயே இருக்கு, எவ்ளோ வேணும்? ஆனா ஒண்ணு. மேகம் கறுத்தா யாரும் ஆபீசை விட்டு வெளிய கால் வைக்கக் கூடாது. அந்தக் கம்பம் பக்கம் உன்னைப் பார்த்தேன், இடிக்கு முன்னாடி நான் அடிப்பேன்" என்றார். (இதைப் படிக்கிறவர்களுக்கும் அதேதான். என்னைப் பார்த்து யாரும் கம்பம் நடக் கிளம்பாதீர்கள். மின்னலுக்குக் கலைஞன், ரசிகன் என்ற பேதமெல்லாம் கிடையாது.)

கிளம்பும்போது சித்தப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்: "உங்கப்பாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா செய்தித்தாளை இறக்காமல், "அவன் மெலிஞ்சிருக்கானா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அடுத்த முறை நான் காப்பார் கிளம்பும்போது மேசைமேல் அம்மா போட்ட மாங்காய் ஊறுகாய் ஒரு போத்தல் தயாராக இருந்தது. திரும்பி வரும்போது சித்தப்பா தோட்டத்து வாழைத்தார் என் தோளில் இருந்தது. நான் கம்பம் நட்டேனோ இல்லையோ, அண்ணன் தம்பிக்கு நடுவில் நல்ல லோரி டிரைவர் ஆகிவிட்டேன். கடைசியில் ஒருநாள் அப்பாவே, "ஞாயித்துக்கெழம நானும் வந்து அந்தக் கம்பத்தைப் பாக்கறேன்" என்றார். அம்மா சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்று சொன்னார், ஆனால் அன்றைக்கு வீட்டில் கீரைதான்.

கம்பம் மட்டும் சும்மா நின்றது. கடலோர மணலெல்லாம் வேண்டாமென்று மீன்தொட்டிக் கடையில் வெள்ளை மணலாகப் பார்த்து வாங்கி, பெரிய பீப்பாய்த் தோம்பில் நிரப்பி, நடுவில் செம்புக் கம்பியை இறக்கி வைத்திருந்தேன். இடி தினமும் விழுந்தது. எதிர்த்த கிராமத்துத் தென்னை மரத்தில் விழுந்தது. பக்கத்துத் தொழிற்சாலைக் கூரையில் விழுந்தது. எங்கள் வீட்டு இன்டர்நெட் பெட்டியில்கூட விழுந்தது. என் செம்புக் கம்பியை மட்டும் அது திரும்பியும் பார்க்கவில்லை. கண்காட்சியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"அர்ச்சனை ஒண்ணு வைடா, எல்லாம் சரியாயிடும்" என்றார் அம்மா. பரீட்சையா, பல்வலியா, எதுவானாலும் அவருக்கு அதுதான் வைத்தியம். சரி, சித்தப்பா இடம்தானே, அவர் பேருக்கே வைப்போம் என்று தோன்றியது. சித்தப்பாவின் நட்சத்திரத்தை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். நல்ல கூட்டம். எனக்குப் பின்னால் அர்ச்சனைத் தட்டோடு ஒரு வரிசை ஆன்டிமார்கள்.

"யார் பேருக்கு?" என்றார் குருக்கள்.

"தர்மலிங்கம். கன்னி ராசி, அஸ்த நட்சத்திரம்."

"என்ன காரியம்? தொழிலா, உடம்புக்கா?"

"இடி விழணும் சாமி."

மணியை ஆட்டப் போன கை அப்படியே நின்றது. "எங்க விழணும்?"

"எங்க சித்தப்பா இடத்துல."

"சித்தப்பான்னா…"

"இப்ப பேரு சொன்னேனே, அவருதான்."

பின்னால் ஒரு தட்டிலிருந்து வாழைப்பழம் கீழே விழுந்தது. குருக்கள் குரலைத் தாழ்த்தி, "தம்பி, இங்க அதெல்லாம் செய்யறதில்லை. அதுக்கு வேற ஆளுங்க இருக்கா" என்றார். எனக்கு ஏன் இவர் இப்படித் தயங்குகிறார் என்று புரியவில்லை. விவரம் போதவில்லை என்று நினைத்து, "பெரிய இடியா வேணாம் சாமி, நடுத்தரமா ஒண்ணு போதும். யாருக்கும் அடிபடாம" என்று விளக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "மழை நன்னா பெய்யட்டும், எல்லாரும் க்ஷேமமா இருக்கட்டும்" என்று அவசரமாக ஒரு தீபாராதனை காட்டி, விபூதியைத் தூர இருந்தே போட்டார்.

நம் மொழியில் மின்னல் வெட்டும், இடிதான் விழும். நான் கலையின் மொழியில் பேசினேன். கேட்டவர்கள் காதில் விழுந்ததோ, தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்காரர்கள் மண்ணை வாரித் தூற்றும்போது சொல்கிற அதே வார்த்தை. 'உன் வீட்டுல இடி விழ' என்பதை, பேர், ராசி, நட்சத்திரம் சேர்த்து, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று முறைப்படி சாபமாக விட்ட முதல் ஆள் நான்தான்.

பின்னால் நின்ற ஆன்டிகளில் ஒருவர் சித்தியின் தேவார வகுப்புத் தோழி. நான் செருப்பைத் தேடிப் போடுவதற்குள் செய்தி காப்பாருக்குப் போய்விட்டது. சித்தி ரவாங்கில் இருக்கும் அத்தைக்கு போன் அடித்தார். அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, எந்தச் செய்தியையும் வாங்கின அளவிலேயே திருப்பிக் கொடுக்கும் பழக்கமில்லாதவர். அவர் அப்பாவுக்கு அடித்தபோது நான் வீட்டு வாசலில் அதே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, உனக்கு அவன்மேல கோவம்னா நேரா பேசு. பிள்ளைய ஏவி இந்த வேலை வேணாம்ணே" என்று அத்தை அழுவது ஸ்பீக்கர் போடாமலே வீடெங்கும் கேட்டது.

சனிக்கிழமை காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பாவின் குரல் செய்தி வந்தது. அதுவரை அந்தக் குழுவில் ஒரு பூப்படம்கூடப் போடாதவர். "எல்லாருக்கும் வணக்கம். என் பேரு, ராசி, நட்சத்திரம் எதையும் மறக்காம அர்ச்சனை வெச்சிருக்காங்க. சொந்தம்னா இப்படித்தான் இருக்கணும். ரொம்ப சந்தோசம். ஊறுகா போத்தலைக் கழுவி வெச்சிருக்கேன், வந்து எடுத்துக்கலாம்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று ஞாபகமில்லை. அப்பா அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த கதவு ஒரு விரல் திறந்தபோது நானே போய் அதை ஓங்கிச் சாத்திவிட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. கடைசியில், "நாளைக்கு வா. உன் வாயால கெட்டதை உன் வாயாலேயே சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். கடை விடுமுறை, ஆட்கள் யாருமில்லை. ஆட்டோ கேட் தானாகத் திறந்து, எங்கள் கார் நுழைந்ததும் பின்னால் தானாக மூடிக்கொண்டது. சித்தப்பா ஆபீஸ் அறையில் நாள்காட்டியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சித்தி இல்லை. அர்ச்சனை விவகாரத்தை நேரில் ஆராய ரவாங்குக்கே போயிருந்தார்.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். போனில் அந்த வீடியோவையும் காட்டினேன். சித்தப்பா அதைப் பார்க்கவே இல்லை.

"நீ படிச்சவன்தானே? நம்ம ஆளுங்க வாயில இடி எப்ப வரும்னு உனக்குத் தெரியாது?"

"அவன் முட்டாளு. கெட்டவன் இல்லே" என்றார் அப்பா. (என் வாழ்நாளில் அப்பா எனக்காக வாதாடிய ஒரே சந்தர்ப்பம் இது.)

"முட்டாளா இருந்தாலும் யார் வீட்டு முட்டாளு? கூப்பிட வேண்டிய எடத்துல பேரு மறந்து போவுது. இடி விழச் சொல்றப்ப மட்டும் நட்சத்திரம்வரைக்கும் ஞாபகம் வருது."

"இன்னும் அந்த போட்டோதானா? போட்டோவுக்குக் கூப்பிடணும்னா உனக்கும் எனக்கும் என்னடா சொந்தம்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!"

அப்பா எழுந்துவிட்டார். "வாடா போலாம்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று கதவைத் திறந்தார். வெளியே பட்டப்பகல் மாலைபோல் இருண்டு கிடந்தது. காற்று ஒரு நிமிஷம் அசையவில்லை. அப்பா ஒரு காலை வெளியே வைத்ததுதான் தாமதம், நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே! வெளிய போகாதே!"

சித்தப்பா பாய்ந்து போய் அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து உள்ளே இழுத்தார். இரண்டு பேரும் என்மேல் வந்து விழுந்தார்கள். அந்த நேரம் பார்த்து இடி விழுந்தது. வெள்ளை வெளிச்சம், தகரமெல்லாம் கிடுகிடுவென்று ஆடுகிற சத்தம், பிறகு மின்விசிறி நின்று போன அமைதி. மழை கொட்ட ஆரம்பித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டின் மோட்டார் பெட்டியிலிருந்து மெல்லப் புகை வந்துகொண்டிருந்தது. பின்பக்கம் என் கம்பம் குளித்துவிட்டு நிற்கிற மாதிரி சுத்தமாக நின்றது.

"அலாமா, பலிச்சிருச்சு!" என்றார் சித்தப்பா.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் 'சித்தப்பா இடத்துல' என்றுதான் கேட்டிருந்தேன். என் கம்பத்தில் என்று சொல்லவே இல்லை. சாமி கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டது.

கேட் செத்துவிட்டது. கையால் திறப்பதற்கு ஒரு சாவி உண்டு. அது சித்தியின் கைப்பையில் ரவாங்கில் இருந்தது. கூப்பிட்டுச் சொன்னதும் சித்தி, "உண்மையிலேயே விழுந்துருச்சா?" என்று அத்தையிடம் அலறுவது கேட்டது. மழை விட்டு, சாலை நெரிசல் தாண்டி அவர்கள் வரும்வரை நாங்கள் மூன்று பேரும் அந்த அறைக்குள்தான்.

அப்பாவின் சட்டையில் இரண்டு பட்டன் போயிருந்தது. சித்தப்பா குனிந்து தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கரண்ட் இல்லாததால் தண்ணீர் கொதிக்க வைத்துத் தே போட வழியில்லை. அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து அப்பாவுக்கு முன்னால் வைத்தார். அப்பா ஒன்றை எடுத்துப் பாதியை ஒடித்து அவரிடமே நீட்டினார்.

"அன்னைக்கு உனக்குன்னு இலை போட்டு வெச்சிருந்தேன்டா. பந்தி முடியிற வரைக்கும் யாரையும் அதுல உக்கார விடல."

சித்தப்பா பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன பாயாசம் போட்டீங்க?"

"ஜவ்வரிசி."

"அப்ப நான் போனது நல்லதுதான்."

அப்பா சிரித்தார். நான் சின்னப் பையனாக இருந்தபோது கேட்ட சிரிப்பு அது, பிஸ்கட் தூள் பறக்கப் பறக்க. சித்தப்பாவும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் என்னைச் சுட்டிக்காட்டி, குருக்கள் மணியோடு நின்ற கதையை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அவமானத்தில் நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் அவமானப்பட்டதில்லை.

சித்தியும் அத்தையும் வந்து வெளியிலிருந்து சாவி போட்டுக் கேட்டைத் தள்ளினார்கள். வானம் நன்றாக வெளுத்த பிறகு கேட் கம்பத்தைப் பார்க்கப் போனோம். அதன் அடியில், கால்வாய் ஓரத்தைப் பூசுவதற்காக சித்தப்பா இறக்கியிருந்த சாதாரண மணல் குவியல். அதில் ஒரு ஓட்டை. மெல்லத் தோண்டினேன். விரல் நீளத்துக்கு ஒரு பொருள் வந்தது. வெளியே பார்த்தால் கருகிப்போன முருங்கைக்காய்த் துண்டு. உள்ளே எட்டிப் பார்த்தால் வழவழவென்று கண்ணாடி. மீன்தொட்டி மணலுக்கு நான் செய்த உபசாரமெல்லாம் வீண்.

பங்சாரில் நடு ஹாலில், ஆள் உயரப் பீடத்தின்மேல், அந்த முருங்கைக்காய் இருந்தது. பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் தெரியும். பாதிப் பேர் பீடத்தைத்தான் சிற்பம் என்று நினைத்துச் சுற்றி வந்து பாராட்டினார்கள். அட்டையில் கலைஞர் என்று என் பேர் மட்டும் இருந்ததைப் பார்த்து சித்தப்பா கொதித்துவிட்டார். "அர்ச்சனை என் பேருல. இடி என் கேட்டுல. மணலு என் மணலு. நீ என்னடா செஞ்சே?" அந்தக் கூடத்து அம்மையார் பேனாவை எடுத்து என் பேருக்கு மேலே சித்தப்பா பேரைச் சேர்த்தார். அப்பா தம்பியின் பேரை வாய்விட்டுப் படித்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். இப்போது அந்தத் துண்டு சித்தியின் சாமி மேடையில் விபூதி பூசிக்கொண்டு இருக்கிறது. எனக்கே காட்ட மாட்டார்.

கம்பத்தை இடி விழுந்த மறுநாளே பிடுங்கிப் பழைய இரும்போடு சேர்த்துவிட்டார்கள். நான் அதன்பிறகு வேறு வழி கண்டுபிடித்தேன். இடி அடித்துக் கருகிய டிவி, கேட் மோட்டார், இன்டர்நெட் பெட்டி எல்லாம் சித்தப்பா கடைக்குத்தான் வரும். அவற்றின் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் மின்னல் ஓடிய தடத்தை வைத்துத்தான் என் சிற்பங்கள் பிழைக்கின்றன. மின்னல் போன பிறகு அதன் பின்னால் போவதுதான் எனக்குச் சரிப்படுகிறது. குருக்கள் மட்டும் இன்றைக்கும் என்னைக் கண்டால், "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி, அம்மா சொல்லட்டும்" என்கிறார்.

அன்றிலிருந்து எங்கே இடி இடித்தாலும் சித்தப்பா உடனே அப்பாவுக்கு போன் அடிப்பார். "அண்ணே, உன் மகன் எங்க இருக்கான்? கோயில் பக்கம் போனானா?" அப்பா, "இல்லடா, வீட்டுலதான் இருக்கான், நீ தைரியமா தூங்கு" என்பார். பிறகு முட்டி வலி, மழை, மீன் விலை என்று பேச்சு நீளும். கிள்ளானில் இடி இடிக்காத நாள் குறைவு. அதனால் அவர்கள் பேசாத நாளும் குறைவு.

போன மாதம் நல்ல வெயில், புகைமூட்டம் வேறு. வானத்தில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. அப்பா போனைச் சட்டைப் பையில் வைப்பதும் எடுப்பதும், வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் அவரே அடித்தார்.

"என்னடா தம்பி, இடியவே காணோம்?"

"அதை ஏண்ணே என்னைக் கேக்கறே? வீட்டுலயே ஆளை வெச்சிருக்கே, அவனை அனுப்பு!"